எலியைச் சாட்சியாக்கிய குமாஸ்தா

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. வண்ணப் படம், கீழே இரண்டு வரி வாழ்த்து. இந்த அட்டையை முதன் முதலில் அச்சடித்துக் கடையில் விற்றவர் யார் தெரியுமா?

ஒரு குமாஸ்தா!

லண்டன் நகரில், பழைய சர்க்கார் தஸ்தாவேஜுகளின் நடுவே உட்கார்ந்து, தூசியைச் சுவாசித்து வளர்ந்த குமாஸ்தா. அவர் பெயர் ஹென்றி கோல்.

பிற்காலத்தில் அவருக்கு "சர்" பட்டம் கிடைத்தது. உலகமே திரண்டு வந்து பார்த்த பொருட்காட்சியை நடத்தினார். பெரிய மியூசியம் ஒன்றை உண்டாக்கினார். ஆனால், இதற்கெல்லாம் முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். அதற்காக உத்தியோகத்தையே இழந்தார். எவரும் தொடாமல் கிடந்த சர்க்கார் பைல்களை எலியிடமிருந்தும், தீயிடமிருந்தும், சர்க்காரிடமிருந்தும் காப்பாற்றிய காரியம் அது.

15 வயதில் வேலை

இங்கிலாந்தில் பாத் என்று ஓர் ஊர். அங்கே 1808-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி ஹென்றி கோல் பிறந்தார். தந்தை ராணுவத்தில் காப்டன். பெயர்தான் பெரிது, வசதி அப்படி ஒன்றும் இல்லை.

பையனை லண்டனில் "கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல்" என்ற பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். பெயரைப் பார்த்து ஆஸ்பத்திரி என்று நினைக்க வேண்டாம். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் படித்த பழைய பள்ளிக்கூடம். கணுக்கால் வரை தொங்கும் நீலக் கோட்டு, மஞ்சள் காலுறை. இதுதான் மாணவர்களின் உடை.

1823-ம் ஆண்டு கோலின் படிப்பு முடிந்தது. வயது 15. கல்லூரிக்கு அனுப்பப் பணம் இல்லை. அப்போது பிரான்சிஸ் பால்கிரேவ் என்பவர் நகல் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார். பழைய தஸ்தாவேஜுகளை ஆராய்ந்து அச்சிடும் "ரெக்கார்ட் கமிஷன்" என்ற சர்க்கார் அமைப்பில் அவர் வேலை பார்த்தார். கோலின் கையெழுத்து நன்றாக இருந்தது. வேலை கிடைத்துவிட்டது.

பல நூறு ஆண்டுகளுக்கு முன் ஆட்டுத் தோலில் எழுதிய ஏடுகள். லத்தீன் பாஷை. அதிலும் பாதி எழுத்து சுருக்கெழுத்து. அதைப் படித்துப் படித்து, பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். மற்றப் பையன்களாக இருந்தால் ஒரு மாதத்தில் ஓடியிருப்பார்கள். கோல் ஓடவில்லை. வேலை முடிந்ததும் ஓவியம் கற்றார்; பெரிய மனிதர்களின் சிநேகத்தைத் தேடிக்கொண்டார். நாவலாசிரியர் பீகாக், தத்துவ ஆசிரியர் ஜான் ஸ்டூவர்ட் மில் ஆகிய இருவரும் அவருடைய நண்பர்கள். இந்த இருவருமே பகலில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் காரியாலயத்தில் நம் நாட்டு விவகாரக் காகிதங்களைப் பார்த்தவர்கள்தான்!

வெடிமருந்தின் மேல் சரித்திரம்

இப்போது அந்தத் தஸ்தாவேஜுகளின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

இங்கிலாந்து சர்க்கார் எழுத்தில் கெட்டிக்கார சர்க்கார். 1086-ம் ஆண்டிலேயே, யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை மாடு என்று கணக்கெடுத்து எழுதி வைத்தார்கள். "டூம்ஸ்டே புத்தகம்" என்று அதற்குப் பெயர். அதற்குப் பிறகு ராஜாவின் உத்தரவு, கோர்ட்டுத் தீர்ப்பு, வரிக் கணக்கு, நிலம் கைமாறிய விவரம் என்று எழுதிக்கொண்டே போனார்கள். எழுதியதைச் சுருட்டி மூட்டை கட்டி வைத்தார்கள்.

எங்கே வைத்தார்கள்? அங்கேதான் தகராறு!

லண்டனில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் அவை சிதறிக் கிடந்தன. லண்டன் கோட்டையில் ஒரு பகுதி. அதே கட்டிடத்தில் ராணுவத்தின் வெடிமருந்தும் இருந்தது. ஒரு பொறி பறந்தால், நாட்டின் சரித்திரம் ஆகாயத்தில் பறந்துவிடும்! வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் பழைய மண்டபத்தில் இன்னொரு பகுதி. டூம்ஸ்டே புத்தகம் இங்கேதான் இருந்தது. பக்கத்திலேயே சாராய ஊறல் போடும் இடம்; எப்போதும் அடுப்பு எரியும். ஒரு தேவாலயத்தில், ஜனங்கள் உட்கார்ந்து பிரார்த்தனை செய்யும் பெஞ்சுகளுக்குக் கீழேயே தஸ்தாவேஜுகளைத் திணித்து வைத்திருந்தார்கள். சோமர்செட் மாளிகையின் நிலவறையில் மற்றொரு பகுதி. அங்கே சுவரில் தண்ணீர் கசிந்தது.

எந்த மூட்டையில் என்ன இருக்கிறது? யாருக்கும் தெரியாது. பல மூட்டைகளுக்குப் பட்டியலே கிடையாது. யாராவது நிலத் தகராறில் பழைய பத்திரம் தேடி வந்தால், காவலில் இருந்த அதிகாரி கட்டணம் கேட்பார். அந்தக் கட்டணம்தான் பல அதிகாரிகளுக்கு வருமானம். பட்டியல் போட்டு எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிட்டால் வருமானம் என்ன ஆவது? இருட்டில் இருந்தவரை அவர்களுக்கு லாபம்.

இந்த நிலையைச் சீர்திருத்தத்தான் 1800-ம் ஆண்டு ரெக்கார்ட் கமிஷனை நியமித்தார்கள். கமிஷன் என்ன செய்தது? தடித் தடியான புத்தகங்களை அச்சிட்டது. அழகான காகிதம், கெட்டி அட்டை. பணம் தண்ணீராய்ச் செலவழிந்தது. ஆனால், மூல ஏடுகள் ஈரத்திலும் இருட்டிலும் அப்படியே கிடந்தன. பிள்ளைக்குச் சோறு இல்லை, பிள்ளையின் படத்துக்கு வெள்ளிச் சட்டம் என்ற கதைதான்.

குச்சி வைத்த தீ

பழைய பைல்களை எப்படிக் கழிக்கக் கூடாது என்பதற்கு உலகிலேயே பெரிய உதாரணம், 1834-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி நடந்தது.

பழங்காலத்தில் இங்கிலாந்து கஜானாவில் ரசீதுக்குப் பதில் மரக் குச்சி கொடுப்பார்கள். செலுத்திய பணத்துக்குத் தக்கபடி குச்சியில் வெட்டு போடுவார்கள். பிறகு குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி பணம் கட்டியவருக்கு. மறு பாதி கஜானாவுக்கு. கணக்குப் பார்க்கும்போது இரண்டையும் சேர்த்து வைத்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். எழுத்துத் தெரியாதவனையும் ஏமாற்ற முடியாது. நல்ல யோசனைதான்.

1826-ம் ஆண்டோடு இந்த முறை நின்றது. குச்சிகள் மட்டும் மலைபோல் கிடந்தன. யாருக்கும் வேண்டாதவை. 1834-ல் அந்த அறை வேறு வேலைக்குத் தேவைப்பட்டது. குச்சிகளை எரித்துவிடும்படி உத்தரவு வந்தது.

ஏழைகளுக்கு விறகாகக் கொடுத்திருக்கலாம். வெட்டவெளியில் கொளுத்தியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. இரண்டு வண்டிக் குச்சிகளையும், பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் காலை முதல் மாலை வரை திணித்தார்கள். காய்ந்த குச்சி பகபக என்று எரிந்தது. புகைபோக்கிகள் பழுக்கக் காய்ந்தன. பொழுது சாய்ந்ததும் தீ வெளியே பாய்ந்தது.

பாராளுமன்றமே எரிந்து போயிற்று! பிரபுக்கள் சபையும் போயிற்று. காமன்ஸ் சபையும் போயிற்று. பக்கத்துக் காரியாலயத்தில் இருந்த தஸ்தாவேஜுகளை ஜன்னல் வழியாகத் தெருவில் வீசி எறிந்தார்கள். சகதியிலும் தண்ணீரிலும் அவை கிடந்து நனைந்தன.

அன்று இரவு நடந்த ஒரு சம்பவத்தை இன்றும் சொல்வார்கள். டூம்ஸ்டே புத்தகம் இருந்த மண்டபத்தை நோக்கித் தீ வருவது போல் தோன்றியது. கோலின் மேலதிகாரியான பால்கிரேவ் பதறினார். புத்தகத்தைப் பக்கத்துத் தேவாலயத்துக்குள் கொண்டு போய்விடலாம் என்று தலைமைப் பாதிரியாரிடம் கெஞ்சினார். பாதிரியாரோ, பிரதம மந்திரியின் அனுமதி இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டாராம்! நல்ல வேளை, காற்று திசை மாறியது. 750 ஆண்டுப் புத்தகம் பிழைத்தது.

சப்பையாகிப்போன பூனை

கோல் வேலை பார்த்தது கஜானா இலாகாவின் பழைய ஏடுகளில். அந்த ஏடுகள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

1822-ம் ஆண்டு, இடம் வேண்டும் என்று அவற்றை வெஸ்ட்மின்ஸ்டர் மாளிகையிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். முதலில் ஒரு கொட்டகை. பிறகு சேரிங் கிராஸ் பகுதியில் ராஜாவின் குதிரை லாயம். 4,000 கன அடிக்கு மேற்பட்ட தஸ்தாவேஜுகள், லாயத்தில் குப்பைபோலக் குவிந்தன. பிறகு லாயத்தையும் இடிக்க வேண்டியதாயிற்று. இன்று நேஷனல் காலரி என்ற புகழ்பெற்ற சித்திர சாலை நிற்கும் இடம் அதுதான். மீண்டும் மூட்டை முடிச்சைத் தூக்க வேண்டும்.

தூக்கப் போனவர்கள் திகைத்தார்கள். தோல் ஏடுகள் ஈரத்தில் ஊறி, ஒன்றோடு ஒன்று ஒட்டி, பாறை மாதிரி இறுகிவிட்டன. பிரிக்கச் சுத்தியும் உளியும் தேவைப்பட்டன. உள்ளே எலி எலும்புகள். உயிரோடு ஓடிய எலிகளும் உண்டு. அவற்றைப் பிடிக்க ஒரு நாயையே அமர்த்தினார்கள்! ஏடுகளோடு ஒட்டி, முழு எலும்புக்கூடாக ஒரு பூனையும் கிடந்தது. எலி பிடிக்கப் போன பூனை அங்கேயே செத்திருக்கிறது. எத்தனை வருடங்களாக அங்கே ஒரு மனிதனும் எட்டிப் பார்க்கவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

கோல் ஒரு செத்த எலியை எடுத்து வைத்துக்கொண்டார். அதன் வயிற்றில் மென்று விழுங்கிய தஸ்தாவேஜுத் துணுக்குகள் இருந்தன. இன்னொருவராக இருந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே எறிந்திருப்பார். கோலுக்கு அது எலி அல்ல, சாட்சி!

உத்தியோகம் போயிற்று

கமிஷனின் காரியதரிசி கூப்பர் என்பவர். அவருக்கும் கோலுக்கும் ஒத்துப் போகவில்லை. சம்பள விஷயமாகத் தகராறு முற்றியது. 1835-ம் ஆண்டு டிசம்பர் மாதம் கோலை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

கோலுக்கு அப்போது 27 வயது. மேரியன் என்ற பெண்ணை மணந்து இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. குடும்பஸ்தர். வேறு தொழில் தெரியாது. 12 ஆண்டுகளாகக் கற்றது எல்லாம், வேறு எந்தக் கடையிலும் செல்லாத பழைய எழுத்துப் படிக்கும் வித்தை. மன்னிப்புக் கேட்டுக் காலில் விழுந்திருந்தால் ஒருவேளை வேலை திரும்பக் கிடைத்திருக்கும்.

அவர் விழவில்லை. பேனாவை எடுத்தார். பத்திரிகைகளில் எழுதினார். துண்டுப் பிரசுரம் எழுதினார். கமிஷன் செலவழித்த பணம் எவ்வளவு, காப்பாற்றிய ஏடு எவ்வளவு என்று புள்ளி விவரத்தோடு கேட்டார். உள்ளே இருந்து பார்த்தவர் அல்லவா? ஒவ்வொரு அடியும் குறி தப்பாமல் விழுந்தது.

காமன்ஸ் சபையில் சார்லஸ் புல்லர் என்ற இளம் உறுப்பினர் இருந்தார். கல்கத்தாவில் பிறந்தவர் அவர். கோலின் கட்சியை எடுத்துக்கொண்டார். 1836-ம் ஆண்டு பாராளுமன்றம் ஒரு விசாரணைக் கமிட்டியை நியமித்தது. வேலை போன குமாஸ்தா, கமிட்டியின் முன்னால் போய் நின்றார். ஈரம், இருட்டு, சுத்தி, உளி எல்லாவற்றையும் சொன்னார். எலியும் சாட்சிக்கு வந்தது.

கமிட்டியின் அறிக்கை கமிஷனை வறுத்து எடுத்துவிட்டது. மறு ஆண்டு நான்காம் வில்லியம் ராஜா காலமானார். அவரோடு கமிஷனும் காலமாகியது, மறுபடியும் நியமிக்கவில்லை. கோலுக்கு மீண்டும் தஸ்தாவேஜு வேலை கிடைத்தது. 1838-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி புதிய சட்டம் வந்தது. சிதறிக் கிடந்த எல்லா ஏடுகளுக்கும் ஒரே நிர்வாகம், ஒரே பொறுப்பு, கட்டணக் கொள்ளைக்குப் பதில் சம்பளம். இப்படிப் பிறந்ததுதான் பிரிட்டிஷ் ஆவணக் காப்பகம். நீதிபதி லாங்டேல் பிரபு அதன் தலைவர். பால்கிரேவ் அவருக்கு அடுத்தவர். கோல் உதவிக் காப்பாளர்களில் ஒருவர்.

மீன் கடையில் ராஜா கையெழுத்து

சட்டம் வந்த அதே 1838-ம் ஆண்டில் ஒரு வேடிக்கை. வேடிக்கையா, வேதனையா என்று நீங்களே தீர்மானிக்கலாம்.

சோமர்செட் மாளிகை நிலவறையில் கஜானாவின் பழைய தஸ்தாவேஜுகள் டன் கணக்கில் கிடந்தன. யாரும் கேட்பதில்லை, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கின்றன என்று கழிவுக் காகிதமாக விற்க முடிவு செய்தார்கள். ஹங்கர்போர்டு மார்க்கெட்டில் ஜே என்ற மீன் வியாபாரி வாங்கினார். விலை டன்னுக்கு 8 பவுன்.

நம் ஊரில் பழைய பேப்பரில் சுண்டல் மடிப்பார்கள் அல்லவா? அது போல மீன் மடிக்கத்தான் வாங்கினார். மடித்துப் பார்த்தால், உள்ளே ராஜாக்களின் கையெழுத்து! பழைய மந்திரிகளின் கையெழுத்து! செய்தி பரவியது. கையெழுத்துச் சேகரிப்பவர்கள் மீன் கடைக்கு ஓடினார்கள். மீனை விடக் காகிதத்துக்குக் கிராக்கி அதிகமாகிவிட்டது. 1840-ம் ஆண்டு பிரபுக்கள் சபை விசாரணை வைத்தது. அதற்குள் போனது போனதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விற்றவர்கள் திருடர்கள் அல்ல. அவர்கள் பார்த்தது ஒரே ஒரு கணக்கு: காரியாலயத்தில் யாராவது இதைக் கேட்கிறார்களா? கேட்கவில்லை. அப்படியானால் குப்பை! காரியாலயத்துக்கு வேண்டாத காகிதம் வேறு யாருக்கு வேண்டும் என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்க அங்கே ஆள் இல்லை. குச்சியை எரித்தவர்களும் அப்படியே. எல்லாவற்றையும் லாயத்தில் அடைத்தவர்கள் செய்ததோ அதற்கு நேர் எதிர்: முதல் கேள்வியைக்கூடக் கேட்காமல் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார்கள். இரண்டு வழியிலும் ஏடுகள் அழிந்தன.

கூடத்தில் குடித்தனம்

குதிரை லாயத்திலிருந்து எடுத்த ஏடுகள் "கார்ல்டன் ரைடு" என்ற இடத்துக்கு வந்திருந்தன. அதுவும் குதிரை சம்பந்தப்பட்டதுதான்! ராஜகுடும்பத்தார் மழைக்காலத்தில் குதிரைச் சவாரி பழகிய பெரிய கூடம். அங்கேதான் கோல் வேலையைத் தொடங்கினார்.

ஆயிரக்கணக்கான சாக்கு மூட்டைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவிழ்த்தால் தூசி. ஒரு மூட்டையில் 1300-ம் ஆண்டு வரிக் கணக்கு இருக்கும். அதே மூட்டையில் 1700-ம் ஆண்டு கோர்ட்டுக் காகிதம் இருக்கும். முதலில் தூசி தட்ட வேண்டும். ஒட்டியதைப் பிரிக்க வேண்டும். கிழிந்ததைத் தைக்க வேண்டும். எந்த இலாகா, எந்த ராஜா காலம், எந்த ஆண்டு என்று பார்த்து வகை பிரிக்க வேண்டும். சீட்டு ஒட்டி அடுக்க வேண்டும். கடைசியில் பட்டியல்.

பட்டியல் என்றால் லேசாக எண்ணிவிடக் கூடாது. பட்டியல் இல்லாத பைலும், எரிந்து போன பைலும் ஒன்றுதான். இருக்கிறது என்று தெரியாத காகிதத்தை எவன் கேட்பான்? கேட்காததால் அது வேண்டாதது என்று ஆகிவிடும். வேண்டாதது மீன் கடைக்குப் போகும். யாரும் தொடாத பைல் என்று சொல்வதற்கு முன்னால், தொட விரும்பியவனுக்கு அது கிடைத்திருக்குமா என்று பார்க்க வேண்டும் அல்லவா? கோல் அந்தக் கூடத்தில் செய்தது இந்த வேலைதான். கிராமத்தில் நூறு ஏக்கர் நிலத்துக்கு வழக்காடும் குடும்பம், தன் பாட்டன் காலத்துப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்டால், மூட்டை மூட்டையாகக் கிளற வேண்டியதில்லை.

தீ பயம் மட்டும் கோலை விடவில்லை. 1834-ல் எரிந்த பாராளுமன்றம் கண் முன்னாலேயே நின்றது. கார்ல்டன் ரைடு மரம் நிறைந்த கட்டிடம். எல்லா ஏடுகளையும் தீப்பிடிக்காத ஒரே கட்டிடத்தில் வைக்க வேண்டும் என்று ஓயாமல் வற்புறுத்தினார். கடைசியில் சர்க்கார் இறங்கி வந்தது. 1851-ம் ஆண்டு சான்சரி லேன் என்ற தெருவில் அஸ்திவாரம் போட்டார்கள். கட்டிடம் முழுவதும் சிறு சிறு அறைகள், இரும்புக் கதவு. பலகைகூட மரம் அல்ல, கற்பலகை. ஓர் அறையில் தீப்பிடித்தாலும் அடுத்த அறைக்குப் போகாது. ஐம்பது இடங்களில் கிடந்த சரித்திரம் ஒரே கூரைக்கு வந்து சேர்ந்தது.

நிலக்கரியும் நீராவியும்

கோல் சும்மா இருக்கும் மனிதர் அல்ல. பைல் வேலைக்கு நடுவிலேயே தபால் கிளர்ச்சியில் குதித்தார். அந்தக் காலத்தில் கடிதம் அனுப்ப ஏகப்பட்ட செலவு. ஏழைகள் கடிதம் எழுதவே மாட்டார்கள். ரோலண்டு ஹில் என்பவர், நாடு முழுவதும் கடிதத்துக்கு ஒரே கட்டணம், ஒரு பென்னி என்று கிளர்ச்சி செய்தார். கோல் அதற்காகப் பத்திரிகை நடத்தினார்.

ஒரு முறை எடின்பரோ தபால் வண்டியைப் படமாகவே போட்டார். கூரை நிறைய பத்திரிகைக் கட்டுகளும், பிரபுக்கள் இலவசமாக அனுப்பும் கடிதங்களும். கனமோ கனம், காசு இல்லை. ஒரு மூலையில் ஏழை எளியவர்கள் காசு கொடுத்து அனுப்பிய சிறு பை. அந்தப் பைதான் வண்டிச் செலவு முழுவதையும் சுமந்தது! கண்ணால் கண்டதும் ஜனங்களுக்குப் புரிந்துவிட்டது. எலியைக் காட்டிய அதே தந்திரம்தான். 1840-ம் ஆண்டு ஒரு பென்னித் தபால் வந்தது.

தபால் மலிந்ததும், பண்டிகைக்குக் கடிதங்கள் குவிந்தன. கோலுக்குப் பதில் எழுத நேரம் இல்லை. 1843-ம் ஆண்டு, நண்பர் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் சொல்லி ஒரு படம் வரைய வைத்து, வாழ்த்தோடு அச்சடித்தார். 1,000 அட்டைகள். தமக்கு வேண்டியது போக மீதியை ஒரு ஷில்லிங் வீதம் விற்றார். இப்படிப் பிறந்ததுதான் கிறிஸ்துமஸ் அட்டை. படத்தில் ஒரு குழந்தைக்கு மது புகட்டுவது போல இருந்ததால், மதுவிலக்குக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள்!

விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர், கோலின் சுறுசுறுப்பைப் பார்த்து மயங்கிவிட்டார். கோல் என்ற சொல் ஆங்கிலத்தில் நிலக்கரி என்றும் காதில் விழும். நீராவி வேண்டுமென்றால் கோலைத்தான் கூப்பிட வேண்டும் என்று இளவரசர் வேடிக்கையாகச் சொல்வாராம். 1851-ம் ஆண்டு லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு மூளையாக இருந்தவர்களில் கோல் முக்கியமானவர். ஐந்தரை மாதத்தில் 60 லட்சம் பேர் வந்து போனார்கள். 1852-ம் ஆண்டு அவர் கலைக் கல்வி இலாகாவுக்கு மாறினார். 1857-ம் ஆண்டு தென் கென்சிங்டன் மியூசியம் திறந்தது. பகலெல்லாம் உழைக்கும் தொழிலாளிகள் இரவில் வந்து பார்க்கட்டும் என்று காஸ் விளக்கு போட்டார். உள்ளேயே சிற்றுண்டிச் சாலையும் வைத்தார். விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் என்று இன்று உலகம் புகழ்வது அதைத்தான்.

குணத்தில் அவர் சாது அல்ல. சண்டைக்காரர். பால்கிரேவோடு உரசல், மந்திரிகளோடு உரசல். பிடித்த பிடியை விட மாட்டார். அவர் சாதுவாக இருந்திருந்தால், அந்த எலி என்றோ குப்பைக்குப் போயிருக்கும்.

1873-ம் ஆண்டு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1875-ம் ஆண்டு "சர்" பட்டம். 1882-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி காலமானார். தம் 50 ஆண்டுப் பொது வேலையைப் பற்றி அவர் எழுதி வந்த புத்தகம், அவர் இறந்தபின் 1884-ல் வெளிவந்தது.

ஐந்து ஆண்டுக் கணக்கு

கோல் கண்ட கட்டிடமும் ஒரு நாள் நிறைந்து போயிற்று. சர்க்கார் எழுதுவதை நிறுத்துமா என்ன? அவர் உயிரோடு இருக்கும்போதே, 1877-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. பயனற்ற தஸ்தாவேஜுகளை அழிக்கலாம். ஆனால், எவை என்று பட்டியல் எழுத வேண்டும். பட்டியல் பாராளுமன்றத்தின் முன் வர வேண்டும். 1715-ம் ஆண்டுக்கு முந்திய காகிதத்தைத் தொடவே கூடாது. அந்த எல்லையை 1898-ம் ஆண்டு மாற்றினார்கள். 1660-ம் ஆண்டுக்கு முந்தியவற்றுக்கு மட்டும் பாதுகாப்பு என்று ஆயிற்று.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு பைல்கள் வெள்ளமாகப் பெருகின. 1954-ம் ஆண்டு, சர் ஜேம்ஸ் கிரிக் தலைமையில் ஒரு கமிட்டி வழி கண்டது. இந்த கிரிக், யுத்தத்துக்கு முன் இந்திய சர்க்காரில் நிதி மெம்பராக இருந்தவர். அவர் சொன்ன வழி எளிது. ஒரு பைலில் வேலை முடிந்து, அதை மூடி 5 ஆண்டு ஆகட்டும். பிறகு இலாகாவைக் கேள்: உன் வேலைக்கு இது இனியும் வேண்டுமா? வேண்டாம் என்றால் கழித்துவிடு. வேண்டும் என்றால் வைத்துக்கொள். பைலுக்கு 25 வயது ஆகும்போது மறுபடியும் எடுத்துப் பார். இந்தத் தடவை இலாகா மட்டும் பேசக் கூடாது. சரித்திரத்துக்கு இது வேண்டுமா என்று காப்பகமும் சேர்ந்து பார்க்க வேண்டும். தேர்வில் தேறியவை நிரந்தரமாகக் காப்பகத்துக்கு. தேறியவை கொஞ்சமே!

மீன் கடைக்கு விற்றபோது கேட்காமல் விட்ட அந்த இரண்டாவது கேள்வி, இப்படித்தான் சட்டப் புத்தகத்தில் ஏறியது. 1958-ம் ஆண்டுச் சட்டம் வந்தது. பைல்கள் 30 ஆண்டுக்குள் காப்பகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றது. 2013-ம் ஆண்டு முதல் படிப்படியாக அதை 20 ஆண்டாகக் குறைத்தார்கள்.

சான்சரி லேன் கட்டிடம் இப்போது ஒரு கல்லூரியின் நூல் நிலையம். தஸ்தாவேஜுகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள புதிய மாளிகைக்குப் போய்விட்டன. டூம்ஸ்டே புத்தகம் அங்கே பத்திரமாக இருக்கிறது. கணக்குக் குச்சிகளில் எரியாமல் தப்பியவையும் இருக்கின்றன.

ஒரு பெட்டியில் கோலின் எலியும் இருக்கிறது. காய்ந்து, சப்பையாகி, வாலோடு அப்படியே இருக்கிறது. மற்ற தஸ்தாவேஜுகளைப் போலவே அதற்கும் ஒரு நம்பர் போட்டு, பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.